முக்கோணப் படம் போட்ட இசைத்தட்டு

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கறுப்புப் பின்னணி. நடுவில் ஒரு முப்பட்டகம். ஒரு பக்கம் வெள்ளைக் கோடு உள்ளே போகும், மறுபக்கம் வானவில்லாக விரிந்து வெளியே வரும். இந்தப் படம் போட்ட டீ-ஷர்ட்டை உங்களில் பாதிப் பேராவது போட்டிருப்பீர்கள். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் நடைபாதைக் கடையில்கூடத் தொங்குகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு பழைய மாணவரின் மகன் அதைப் போட்டிருந்தான். "இது என்னப்பா?" என்றேன். "ஏதோ பிராண்டு தாத்தா" என்றான்.

பிராண்டு இல்லை. அது ஒரு இசைத்தட்டின் அட்டைப் படம். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. புரோக்ரஸிவ் ராக் என்று சொல்வார்கள். மூன்று நிமிடக் காதல் பாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விடாமல் நகர்ந்து, முழுத் தட்டையும் ஒரே கதைபோலச் சொல்லும் வகை. மொத்தம் 43 நிமிடம். நேரம், பணம், சண்டை, சாவு, புத்தி பேதலிப்பது என்று மனிதனை அழுத்துகிற விஷயங்கள்தான் பாடுபொருள்.

என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தப் படத்தில் எத்தனை நிறம்? ஏழு என்று சொன்னவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்கலாம். ஆறுதான். கருநீலம் இல்லை. வரைந்தவரைக் குறை சொல்ல முடியாது. நிறமாலையில் கோடு கிழித்து ஏழாகப் பிரித்தது இயற்கை இல்லை, நியூட்டன். சுரங்கள் ஏழு என்பதால் நிறங்களும் ஏழாக இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். நம் கண் எத்தனை பார்க்கிறதோ அத்தனைதான்.

இந்த இசைத்தட்டின் நிலையும் அப்படித்தான். ஒரே தட்டு. ஐம்பது வருடமாக ஆளுக்கு ஒரு நிறம் பார்க்கிறார்கள். என் காதில் விழுந்த கருத்துகளைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் இருக்கும் அந்தத் தட்டு என் தம்பியுடையது. அவனைப் பற்றி இங்கே நான் எழுதியதில்லை. எழுத வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். இப்போது "எழுதுண்ணே" என்கிறான். அதனால் எழுதுகிறேன்.

தட்டு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975-ல் கப்பலில் வேலை பார்த்த எங்கள் மாமா மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து தம்பியிடம் கொடுத்தான். தம்பி அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். நான் எம்.எஸ்ஸி. முடிக்கும் நேரம். வீட்டில் ஒரு சின்ன எச்.எம்.வி. ரெக்கார்டு பிளேயர். அதுவரை அதில் எம்.எஸ். அம்மாவும் சீர்காழியும் டி.எம்.எஸ்ஸும்தான் பாடியிருந்தார்கள். அதில் இந்தத் தட்டைப் போட்டதும் முதலில் வந்தது இதயத் துடிப்பு. லப்-டப், லப்-டப். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, "கரண்டு ஏதாவது லீக் ஆகுதாடா?" என்றார். இந்தத் தட்டைப் பற்றி எங்கள் வீட்டில் பதிவான முதல் கருத்து அதுதான். (அது இதயமே இல்லை, டிரம்ஸில் காலால் அடிக்கிற பெரிய மேளத்தின் சத்தத்தை மட்டுப்படுத்தி எடுத்தது என்று தம்பி பிறகு விளக்கினான்.)

இரண்டாவது கருத்து எதிர்வீட்டு மிருதங்க வாத்தியாருடையது. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு 'மணி'. காசு விழுகிற சத்தம், காகிதம் கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டி மணி எல்லாம் ஒரு தாளத்தில் வரும். அந்தச் சத்தங்கள் பதிவான டேப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழல விட்டார்கள். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், தொடையில் தட்ட ஆரம்பித்தார். "தகிட தகதிமி. அட, மிஸ்ர சாபுடா! வெள்ளைக்காரனுக்கு ஏழு எண்ண யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார். சாக்ஸபோன் முடிகிறவரை தலையாட்டிக்கொண்டே இருந்தார். கிடார் ஆரம்பித்ததும் தாளம் நாலுக்கு மாறியது. "போச்சு, விட்டுட்டான்" என்று கையை உதறினார். கடைசியில் மறுபடி ஏழுக்கே வந்து சேர்ந்தார்கள். "படவா, தெரிஞ்சேதான் போயிருக்கான்" என்று சிரித்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. இந்தப் பாட்டைப் பற்றி நான் கேட்டவற்றில் அதைவிடக் கூர்மையான விமர்சனம் குறைவு.

இந்தத் தட்டை அதன் ஊரிலேயே எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. இங்கிலாந்து பட்டியலில் அது வெளிவந்தபோது இரண்டாம் இடம் வரைதான் போனது. அமெரிக்காவில் முதலிடம், அதுவும் ஒரே ஒரு வாரம். ஆனால் அமெரிக்காவின் 200 தட்டுகள் பட்டியலில் 1973-லிருந்து 1988-க்குள் 741 வாரங்கள் இருந்தது. முதல் ரேங்க் எடுக்காமல், பதினைந்து வருடம் ஒரு நாளும் தோல்வி அடையாத பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவனை எனக்குத் தெரியும். அவன் இதைப் படித்துக்கொண்டிருப்பான்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1970-களின் நடுவில் பங்க் என்று ஒரு அலை வந்தது. அந்த இளைஞர்களுக்கு இந்த நீளநீளமான பாட்டும், மெருகேற்றிய சத்தமும், பணக்கார ஸ்டுடியோவும் வேப்பங்காய். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகர் ஜானி ராட்டன், பிங்க் ஃப்ளாய்ட் சட்டையில் 'நான் வெறுக்கிறேன்' என்ற பொருளில் மேலே எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தார். பல வருடம் கழித்து அவரே, இந்தத் தட்டு எனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னார். இளவயதில் நாம் எதை வெறுக்கிறோம் என்பதில் பாதி, யார் நம்மைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வகுப்பறையில் 33 வருடம் இதைப் பார்த்தவன் நான்.

என் மாணவர் ஒருவர் இப்போது சென்னையில் ஒலிப்பதிவுப் பொறியாளர். புது ஸ்பீக்கர் எது வாங்கினாலும் முதலில் இந்தத் தட்டில் 'டைம்' என்ற பாட்டின் ஆரம்பத்தைத்தான் போட்டுப் பார்ப்பாராம். நிறையக் கடிகாரங்கள் ஒரே சமயத்தில் அலறும் இடம் அது. ஆலன் பார்சன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் ஒரு கடிகாரக் கடையில் போய் ஒவ்வொன்றாகத் தனித்தனியாகப் பதிவு செய்து வந்தது. "சார், அம்பது வருஷத்துக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் இல்லாம, கையால டேப் ஒட்டி இதைப் பண்ணியிருக்காங்க" என்று என் மாணவர் உருகுவார். அதே பாட்டைப் பற்றி என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் ஒருவர் சொன்னது வேறு. ஓய்வு பெற்ற மறுவாரம் என் வீட்டில் கேட்டார். வாழ்க்கை இனிமேல்தான் ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டே இருந்து, பத்து வருடம் போனதே தெரியாமல் விழிக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. அர்த்தம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இருபது வயசுல இதை எழுத முடியாது, எழுதினவனுக்கு என்ன வயசு?" என்றார். ராஜர் வாட்டர்ஸுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை என்றேன். "கெட்டிக்காரன். எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு" என்றார்.

என் மனைவியின் கருத்தையும் சொல்லாவிட்டால் இரவுச் சாப்பாடு கிடைக்காது. முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு பெண் குரல் வரும். வார்த்தையே கிடையாது. அலறலும் கெஞ்சலும் பிறகு அடங்கிப் போவதுமாக நாலரை நிமிடம். கல்யாணமான புதிதில் முதல் தடவை கேட்டபோது, "இந்தப் பொண்ணு ஒப்பாரி வைக்குது" என்றாள். "எங்க ஆத்தா செத்தப்போ எங்க ஊர்ல இப்படித்தான். கடைசியில வார்த்தை தீந்துபோயி வெறும் குரலுதான் இருக்கும்." பாட்டின் பொருள் சாவு என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பாடியவர் கிளேர் டோரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டு 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தட்டு பல கோடி விற்றது. 2004-ல் அவர் வழக்குத் தொடுத்தார். மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்றார். அடுத்த வருடம் சமரசம் ஆனது. இப்போது அந்தப் பாட்டை உருவாக்கியவர்கள் பெயரில் ரிச்சர்ட் ரைட்டுக்குப் பக்கத்தில் அவர் பெயரும் இருக்கிறது. இதைச் சொன்னதும் என் மனைவி, "பின்னே? பாட்டு முழுக்க அவதான இருக்கா" என்றாள். தீர்ப்பு அவ்வளவுதான்.

இனி எங்கள் உறவுகள் பலருக்குத் தெரிந்த, ஆனால் யாரும் சத்தமாகப் பேசாத பகுதிக்கு வருகிறேன்.

1977-ல், மூன்றாம் வருடப் படிப்பின்போது, தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ராத்திரி தூங்க மாட்டான். யாரோ பேசுவது கேட்கிறது என்பான். பக்கத்து அறை மாணவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். விடுதியிலிருந்து தந்தி வந்து, அப்பாவும் நானும் போய் அழைத்து வந்தோம். டாக்டர் மனச்சிதைவு நோய் என்றார். படிப்பு அதோடு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் இந்தத் தட்டைப் பற்றிய மிகக் கடுமையான கருத்து எங்கள் வீட்டுக் கூடத்தில் சொல்லப்பட்டது. உறவில் மூத்தவர் ஒருவர், இப்போது அவர் இல்லை, "அந்த வெள்ளைக்காரன் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பையன் புத்தி கெட்டுப்போச்சு. எடுத்து அடுப்புல போடுங்க" என்றார். அக்கறையில்தான் சொன்னார். அவர் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் நம்பினார்கள். தட்டில் நடுநடுவே யாரோ பேசுகிற குரல்கள் வேறு வரும், ஒரு ஆள் விடாமல் சிரிப்பார். பையனும் குரல் கேட்கிறது என்கிறான். கணக்கு சரியாக இருப்பதுபோல்தான் தோன்றும்.

அம்மா தட்டை அடுப்பில் போடவில்லை. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, இரும்புப் பெட்டிக்குள் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஆறு வருடம் கழித்து, மாத்திரை ஒத்துக்கொண்டு தம்பி ஓரளவு தேறிய பிறகு, அவனே கேட்டான். அம்மா சாவியைக் கொடுத்தார்.

பாட்டு கேட்டு மனச்சிதைவு வராது. பரம்பரை, மூளையின் ரசாயனம், வளர்கிற வயதின் நெருக்கடிகள் என்று பல காரணங்கள் சேர்ந்து வருவது. உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்கிறது. நான் பாடம் எடுத்த பிள்ளைகள் நாலாயிரத்துக்குக் குறையாது. வகுத்துப் பாருங்கள், விடை உங்களுக்கே கிடைக்கும். ஆகவே இதைப் படிக்கிறவர்களில் சிலர் தங்களுக்காகப் படிக்கிறார்கள், சிலர் தங்கள் வீட்டில் ஒருவருக்காகப் படிக்கிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தட்டில் வரும் அந்தக் குரல்கள் எப்படி வந்தன என்பது ஒரு ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்த கதை. வாட்டர்ஸ் கொஞ்சம் அட்டைகளில் கேள்விகள் எழுதினார். ஆபி ரோடு ஸ்டுடியோவில் அன்றைக்கு யார் யார் இருந்தார்களோ அவர்களைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்தார். முதலில் லேசான கேள்விகள். பிறகு மெல்ல ஆழம் போகும். கடைசியாக எப்போது கை ஓங்கினாய், உன் பக்கம் நியாயம் இருந்ததா, சாகப் பயமாக இருக்கிறதா என்று. குழுவுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் பேசினார்கள். ஸ்டுடியோவின் வாயிற்காவலர் ஜெர்ரி ஓ'டிரிஸ்கால் பேசினார். பக்கத்து அறையில் வேலையாக இருந்த பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூட வந்து பதில் சொன்னார்கள்.

கடைசியில் தட்டில் இடம்பெற்றது யார் குரல் தெரியுமா? வாயிற்காவலர். மெக்கார்ட்னியின் பதில் சேர்க்கப்படவில்லை. அவர் யோசித்து, அளந்து, நன்றாக இருக்க வேண்டும் என்று பேசிவிட்டாராம். வாயிற்காவலர் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். வாய்மொழித் தேர்வு நடத்திய எல்லோருக்கும் இது தெரியும். கேள்வி நேராக இருந்து, கேட்கிறவர் பொறுமையாக இருந்தால், கடைசி பெஞ்சிலிருந்துதான் சில சமயம் உண்மையான பதில் வரும்.

அந்தக் குரல்களைப் பற்றித் தம்பியிடம் ஒருநாள் கேட்டேன். "தட்டுல பேசற குரலு உன்னைத் தொந்தரவு பண்ணலையாடா?" அவன் அப்போது யாருடைய டிரான்சிஸ்டரையோ பிரித்து வைத்து சால்டரிங் செய்துகொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்:

"இல்லண்ணே. தட்டுல இருக்கற குரலு எப்பவும் அதே இடத்துல வரும், அதே இடத்துல போயிடும். வேண்டாம்னா முள்ளைத் தூக்கிட்டா நின்னுடும். எனக்கு வந்ததுல முள்ளு கிடையாது."

ஐம்பது வருடத்தில் இந்த இசைத்தட்டைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. குரல்களுக்குப் பயந்து அடுப்பில் போடச் சொன்ன தட்டு, அவனுக்குக் கட்டுக்குள் அடங்குகிற ஒரே குரலாக இருந்திருக்கிறது.

தட்டின் கடைசிக்கு முந்தைய பாட்டு 'பிரெய்ன் டேமேஜ்'. புத்தி பேதலித்த ஒருவரைப் பற்றியது. வாட்டர்ஸ் அதைத் தன் பழைய நண்பர் சிட் பாரெட்டை நினைத்து எழுதினார். குழுவின் ஆரம்ப காலத்தில் பாடல்களை எழுதிப் பாடி, கிடார் வாசித்து, அதற்குப் பெயரும் வைத்தவர் பாரெட். 1968-ல், 22 வயதில், மனநிலை மிகவும் மாறிப்போய்க் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. அவருக்கு வந்தது என்ன நோய் என்று இன்றுவரை ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். 1975 ஜூனில், குழு அடுத்த தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த ஒரு பருத்த மனிதர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். யார் என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. பாரெட்தான். தெரிந்ததும் சிலர் அழுதார்கள்.

பிறகு அவர் தன் சொந்த ஊரான கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். ராஜர் என்ற தன் இயற்பெயரிலேயே வாழ்ந்தார். படம் வரைந்தார், தோட்டம் போட்டார். தங்கை பார்த்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்களும் ரசிகர்களும் வாசலில் வந்து நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். 2006 ஜூலையில், 60 வயதில் காலமானார்.

இந்தப் பாட்டைப் பற்றித் தம்பியின் கருத்து மற்றவர்களுடையதுபோல் இல்லை. "நல்ல பாட்டுதான். ஆனா அது கூட இருந்தவங்க பார்த்து எழுதினது. அவரு எழுதினது இல்ல. அட்டையில கேள்வி எழுதி வாட்ச்மேன் வரைக்கும் கேட்டாங்கள்ல, அவருகிட்ட ஒரு அட்டை நீட்டியிருக்கலாம்" என்றான்.

அந்த நேரத்தில் பாரெட் பதில் சொல்லும் நிலையில் இருந்தாரா என்பது வேறு விஷயம். தம்பி எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற நல்லவர்கள், அன்பானவர்கள், எல்லோரும் ஒன்று செய்வார்கள். தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்துக் கேட்பார்கள்: "தம்பி எப்படி இருக்காரு சார்? மாத்திரை எல்லாம் சாப்பிடறாரா?" அவன் காது நன்றாகவே கேட்கும். என்னைவிட நன்றாகக் கேட்கும். எனக்கு இப்போது வலக்காதில் மெஷின்.

இயற்பியல் வாத்தியார் இல்லையா, தலைப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலா தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றுவதற்கும் பூமியை ஒரு முறை சுற்றி வருவதற்கும் ஒரே காலம்தான் ஆகிறது, ஏறத்தாழ 27 நாள். அதனால் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. லேசாக ஆடுவதால் ஓரங்களும் தெரியும். எல்லாம் சேர்த்து 59 சதவீதம் பார்க்கலாம். மீதியை 1959 அக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 படம் எடுத்து அனுப்புகிறவரை மனிதர் யாரும் கண்டதில்லை. 2019 ஜனவரியில் சீனாவின் சாங்-இ 4 அங்கே போய் இறங்கியது.

இப்படிப் பார்க்க முடியாத பக்கத்தை இருண்ட பக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அங்கேயும் இங்கே மாதிரியே இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. அமாவாசையன்று நமக்கு நிலாவே தெரியாது. அப்போது அந்தப் பக்கம்தான் முழு வெயிலில் இருக்கும்.

என் தம்பிக்கு இப்போது 68 வயது. நோய் இருக்கிறது. மாத்திரை இருக்கிறது, அதனால் கை கொஞ்சம் நடுங்கும். மோசமான வாரங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு உண்டு. அதே சமயம், எங்கள் தெருவில் அவன் கை படாத ரேடியோ, மிக்ஸி, டி.வி. ரிமோட் கிடையாது. செய்தித்தாளில் சுடோகுவை என்னைவிட வேகமாகப் போடுவான். என் பேத்திக்கு ஓம் விதியைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, அவன்தான். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியாது. நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது என்னிடம் அவனைப் பற்றிக் கேட்காதீர்கள். அவனிடமே கேளுங்கள். பெரிய கேள்வி வேண்டாம். "இன்னைக்கு என்ன ரிப்பேர் பண்றீங்க?" போதும். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், மாத்திரை அப்படி. அவசரப்பட்டு நீங்களே முடித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில், தெருவில், அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்தால் அவரிடமும் அப்படியே. வாய்மொழித் தேர்வில் நான் உங்களுக்குக் கொடுத்த நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

உங்கள் வீட்டிலேயே ஒரு பிள்ளை தூங்காமல் இருந்தால், குரல் கேட்கிறது என்று சொன்னால், கேட்கிற பாட்டைக் குற்றம் சொல்லாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. சீக்கிரம் போனால் சீக்கிரம் தேறலாம். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இதை எழுதி முடித்ததும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டான். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னான்: "ரெண்டாம் பக்கம் மூணாவது பாட்டுல கீறல் விழுந்து முள்ளு தாவுதுன்னு எழுதுண்ணே. உன் ஸ்டூடண்ட்ஸ் யாராவது புதுத் தட்டு வாங்கிட்டு வருவாங்க."

எழுதிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம். டீ உண்டு. டீ-ஷர்ட் போட்டு வருகிறவர்கள் நிறத்தை எண்ணிவிட்டு வரவும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்